பாதி காலியான டிஸ்க்

"மாசத்துக்கு ரெண்டு தடவை மெயில் நின்னுபோகுதே, இதுக்கு ஒரு முடிவே கிடையாதா?"

"சர்வர் தினமும் எழுதி வைக்கிற பழைய லாக் ஃபைல் எல்லாம் சேர்ந்து டிஸ்க் நிறைஞ்சுடுது, மேடம். அப்பப்ப நான் வந்து அழிச்சுடறேன்."

போன மாதம் நடந்த அந்தப் பேச்சை அசைபோட்டபடியே, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ்காரன் அவளுடைய மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குள் நுழைந்தான். மெயில் நின்றால் அவள் தொழிலே படுத்துவிடும். அதனால் காலையில் அவள் போன் செய்து 'உடனே வாங்க' என்றதுமே கிளம்பிவிட்டான்.

சர்வரைத் திறந்தவன் திகைத்தான். மெயில்கள் ஜோராகப் போய்க்கொண்டிருந்தன. டிஸ்க்கில் பாதி காலி. பழைய லாக் ஃபைல்கள் வாராவாரம் தானாகவே அழியும்படி யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"வேற ஆள் வச்சுட்டீங்களா?" அவள் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"நானே படிச்சுப் பார்த்துச் செஞ்சேன். அஞ்சு நிமிஷ வேலை. இதுகூடத் தெரியாதவரா நீங்க? இங்க வந்துபோக ஒரு சாக்கு வேணும்னுதானே அப்படியே விட்டு வச்சீங்க?"

அவன் சர்வர் திரையை மூடினான். இனி அந்தச் சாக்கும் போயிற்று.

"சர்வர்தான் நல்லா ஓடுதே, அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டே?"

"சண்டை போட்டுட்டுப் போன புருஷன் ஒரு வருஷமா லாக் அழிக்க மட்டும் வந்துபோனா எப்படி? மனசுல இருக்கிறதை வாயைத் திறந்து கேளுங்க."

எத்தனையோ முறை தொண்டை வரை வந்து திரும்பிப் போனது, இப்போது வெளியே வந்தது.

"நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"