கடல் ஒத்துக்கொள்ளவில்லை

“கீழ பாக்காதீங்க மேடம். தூரத்துல ஒரு தீவு தெரியுதுல்ல, அதையே பாத்துட்டு இருங்க.”

டைவிங் சொல்லிக்கொடுக்கும் தமிழரசன் சொன்னபடி பிரவீனா தீவைப் பார்த்தாள். இரண்டு நொடிதான். பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கௌதம் ஓடிப்போய் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டான்.

அந்தமானில் மூன்று நாள் படகுப் பயணம். படகிலேயே தங்கி, ஸ்கூபா உடை மாட்டிக் கடலுக்குள் இறங்கிப் பார்க்கலாம். ஓசூரில் கௌதம் வேலை செய்யும் தொழிற்சாலையில் இந்த வருடம் அவர்களுடைய பிரிவுக்குக் கிடைத்த பரிசு அது. நான்கு ஜோடிகள் வந்திருந்தார்கள். கௌதமுக்கும் பிரவீனாவுக்கும் கல்யாணமாகி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

மதியம் எல்லாரும் ரப்பர் உடையை மாட்டத் தொடங்கினார்கள். கௌதமும் மாட்டினான்.

“என்னப்பா கௌதம், மூஞ்சி வெளுத்துப் போச்சு? நைட் ஷிப்ட் முடிச்ச மாதிரி நிக்கற?” என்றார் சூப்பர்வைசர் பெருமாள்.

“வெயிலு சார்.”

அது வெயில் இல்லை. எட்டு வயதில், உசிலம்பட்டிப் பக்கம் அவர்கள் ஊர்க் கண்மாயில் மூழ்கியவனை யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவன் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. இதை ஓசூரில் யாரிடமும் சொன்னதில்லை. பரிசே வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் செய்தி கேட்ட அன்றே பிரவீனா வேப்பனப்பள்ளியில் இருக்கும் அம்மா, அக்கா, சித்தி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஐந்து வார மனைவியிடம் ‘எனக்குத் தண்ணீர் என்றால் பயம்’ என்று எப்படிச் சொல்வது?

சிலிண்டரைத் தோளில் ஏற்றப்போன நேரத்தில் பிரவீனா மறுபடியும் விளிம்புக்கு ஓடினாள்.

“நீங்க போய்ட்டு வாங்க சார், நான் அவள பாத்துக்கறேன்” என்றான் கௌதம். அவன் மூச்சு அப்போதுதான் சீராக வந்தது.

அன்று இரவு தமிழரசன் ஒரு மாத்திரை கொடுத்தான். “வயித்தக் காலியா விடாதீங்க. ரஸ்க்கு, இஞ்சி ஏதாவது மென்னுட்டே இருங்க. டீசல் வாடை பக்கம் போகாதீங்க. படகுக்கு நடுவுல படுத்தா ஆட்டம் கம்மியாத் தெரியும்.”

மறுநாள் காலை கௌதம் பயந்துகொண்டே கேட்டான். “இப்ப எப்படி இருக்கு?”

“எழுந்தா சுத்துதுங்க” என்றாள் பிரவீனா, கண்ணை மூடியபடி. “நீங்க பக்கத்துலயே இருக்கறீங்களா?”

“இவங்கள இந்த நெலமைல தனியா விடக்கூடாது சார்” என்றான் தமிழரசன். “நீங்க எறங்க வேணாம்.”

அந்த இரண்டு நாளும் கணவனும் மனைவியும் மேல்தளத்து நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் ரப்பர் உடைகளை எடுத்து வைக்கும்போதெல்லாம் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவாள். அவன் இஞ்சி நறுக்கிக் கொடுத்தான். ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டான். ஷிப்ட் மாறி மாறி ஓடிய ஐந்து வாரத்தில் பேசாததையெல்லாம் பேசினார்கள்.

பெருமாள் ஒவ்வொரு முறையும் மேலே வந்ததும் கதை சொன்னார். “ஆமை ஒண்ணு, பக்கத்துல வந்து மூஞ்சப் பாத்துட்டுப் போகுது.”

“எத்தன அடி ஆழத்துல சார்? அடிமண்ணு தெரியுதா? என்ன கலர்ல இருக்கு?” பிரவீனா விடாமல் கேட்டாள். கேட்டுவிட்டு வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவம், இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க முடியவில்லையே என்று கௌதமுக்கு வருத்தமாக இருந்தது. கூடவே, தான் தப்பித்ததில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதி வந்த மறுநிமிஷமே வெட்கமும் வந்தது.

நான்காம் நாள் பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கி ஓசூர் பஸ் பிடித்தார்கள். அத்திப்பள்ளி தாண்டியதும் அவனால் அடக்க முடியவில்லை.

“பிரவீனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“எனக்குத் தண்ணின்னாலே பயம். சின்ன வயசுல கண்மாயில முங்கிட்டேன். நீ அங்க வாந்தி எடுத்துக் கெடந்தப்ப, எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. அது தப்புன்னு தெரியும். ஆனா இருந்துச்சு. எல்லார் முன்னாடியும், உன் முன்னாடியும் அசிங்கப்படாமத் தப்பிச்சேன்.”

சொல்லி முடித்ததும் இருபது வருடமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது போல் இருந்தது. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தான்.

“மொத நாளே தெரியுங்க” என்றாள் அவள்.

“எப்படி?”

“எங்க மாந்தோப்புக் கெணத்துல எங்கூர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் குடுத்தது நாந்தான். தண்ணிக்குப் பயந்த மொகம் எனக்குத் தெரியாதா?”

கௌதம் அவள் பக்கம் திரும்பினான். பிரவீனா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு ராத்திரி மாத்திரை போட்டதுமே எனக்கு வாந்தி நின்னு போச்சுங்க. தமிழரசன் அண்ணன்கிட்ட மட்டும் சொல்லி வெச்சேன்.”