நாலு பேருக்குக் கடந்தை

"அண்ணே, இது கடந்தை கொட்டினது இல்ல."

செசிலி சொல்லி முடிப்பதற்குள் கம்பவுண்டர் வைகுண்டராஜன் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டார்: 'சுடலையாண்டி, பனையேறி. கடந்தைக் குளவி கொட்டியது.'

"மூணாவது ஆளு அண்ணே! காலையிலேருந்து வாற எல்லாருக்கும் கடந்தைதானா?"

"ஆடிக் காத்து. கூடு கலைஞ்சிருக்கும்."

கருங்கல் போகிற பாதையில் இருந்த அந்தச் சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் புதன்கிழமைதோறும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் வைகுண்டராஜன்தான் எல்லாம். பதினெட்டு வருஷ சர்வீஸ். காயத்தைப் பார்த்தே கடித்தது எது என்று சொல்லிவிடுவார் என்று பேர். பாம்பு கடித்துவிட்டது என்று கட்டிலோடு தூக்கி வந்தவனை, "பூரானாக்கும். எறங்கி நடலே" என்று வீட்டுக்கு அனுப்பியவர்.

செசிலி வேலைக்கு வந்து இரண்டே மாதம். நர்ஸ் வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். அவள் பிறந்த கடற்கரையில் உத்தியோகத்துக்கு வந்த முதல் பெண்ணும் அவள்தான். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அவள் சுடலையாண்டியின் முதுகைக் காட்டினாள்.

"தேனீண்ணா கொடுக்கு தோலிலே நிக்கும். கடந்தைண்ணா கொடுக்கு இருக்காது, ஆனா கொட்டின எடத்தில புள்ளி இருக்கும், அதைச் சுத்தி வட்டமா வீங்கும். இஞ்ச புள்ளியுமில்ல, வட்டமுமில்ல. சாண் நீளத்துக்குத் தடிச்சிருக்கு. பாருங்க."

"கடந்தை ஊர்ந்துகிட்டே கொட்டும்."

"எந்தப் புத்தகத்தில போட்டிருக்கு?"

"புத்தகம் படிச்ச கடந்தை இந்தப் பக்கம் இல்ல பிள்ளே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காதுவலிக்கு மருந்து வாங்க வந்த டீக்கடைக்காரன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான். சுடலையாண்டி மட்டும் சிரிக்கவில்லை. மருந்து பூசியதும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

நாலாவதாக வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். சட்டையைக் கழற்றவே பல்லைக் கடித்தார். முதுகில் அதே தடிப்பு.

"வாத்தியாரும் பனையேறினாரா?" என்றாள் செசிலி.

"ஏன், கடந்தை ஆளு பாத்தா கொட்டும்?" என்றார் வைகுண்டராஜன்.

செசிலிக்கு ரோஷம் பொங்கியது. பேனாவை எடுத்தாள். "நானே எழுதுறேன். உள்ளதை எழுதுறேன்."

வைகுண்டராஜன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "ஏட்டி! இதில எனக்க எழுத்து மட்டும்தான் கெடக்கணும். உனக்க எழுத்து ஒண்ணுகூட விழப்பிடாது."

இவ்வளவு தலைக்கனமா? புதன்கிழமை டாக்டர் வரட்டும் என்று வைத்துக்கொண்டாள் செசிலி.

பிற்பகலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே ஏட்டு பொன்னுலிங்கம், கையில் தடியோடு.

"இந்தத் தாலுகாவைத் தமிழ்நாட்டோட சேக்கணும்ணு நேத்து ஊர்வலம் போயி, தடியடியில ஓடின கூட்டத்தில நாலு பேரைப் பிடிச்சிருக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "முதுகைக் காட்டுடாண்ணா, கடந்தை கொட்டினதுண்ணு நாலு பேரும் ஒரே பாட்டு. புத்தகத்தை எடும்."

புரட்டிப் பார்த்தார். நாலு பேருக்கும் கடந்தை.

ஏட்டு தடியால் மேசையில் அடித்தார். மருந்துக் குப்பிகள் குலுங்கின. "ஓய் கம்பவுண்டரே! சர்க்கார் புத்தகத்தில பொய் எழுதினா உத்தியோகத்தோட போகாது, ஜெயில்ல களி திங்கணும். அறிஞ்சுக்கிடும்!"

"எனக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கேன்" என்றார் வைகுண்டராஜன்.

இன்ஸ்பெக்டர் செசிலி பக்கம் திரும்பினார்.

"நர்ஸம்மா, நீங்க படிச்சவங்க. இது கடந்தை இல்லைண்ணு காலையில சண்டை போட்டீங்களாமே? டீக்கடையில சொன்னாங்க. அதையே ஒரு தாளில எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். மிச்சத்தைக் கோர்ட்டு பாத்துக்கும்."

செசிலி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஜீப்பில் சுடலையாண்டி, வாத்தியார், இன்னும் இரண்டு பேர். நாலு பேரும் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டின் கையிலிருந்த தடியைப் பார்த்தாள். காலையில் நாலு முதுகில் பார்த்த அதே அகலம்.

வைகுண்டராஜன் அவளைப் பார்க்கவில்லை. மேசையில் சிந்திய டிஞ்சரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சண்டை போட்டது உள்ளதுதான் சார்" என்றாள் செசிலி. "தெரியாமப் போட்டேன். நான் கடற்கரைக்காரி. கடந்தையைக் கண்ணால கண்டதில்ல. அண்ணன் எழுதினதுதான் சரி."

"வகுப்பிலயே முதலாவதுண்ணு சொன்னானுக?"

"மனப்பாடம் பண்ணி எழுதினேன் சார்."

"கொட்டினதுக்கும் அடிச்சதுக்கும் வித்தியாசம் தெரியாத உன்னையெல்லாம் எவன் பாஸ் போட்டது?"

பெஞ்சில் இருந்தவர்கள் முன்னால்தான் கேட்டார். செசிலி தலை குனியவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்த அன்றுகூட அவள் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மேசைமேல் எறிந்தார். "இதை வச்சுக்கிட்டு எந்தக் கோர்ட்டில போய் நிக்கிறது? எறக்கி விடுய்யா அவனுகளை."

"எறங்குங்கலே சவங்களா!" என்று ஏட்டு போட்ட சத்தத்தில் பெஞ்சில் ஒரு குழந்தை அழுதது.

நாலு பேரும் இறங்கி நடந்தார்கள். ஜீப் உறுமியது. ஏறப்போன ஏட்டு, "தொப்பியை வச்சிட்டு வந்துட்டேன் சார்" என்று திரும்பி உள்ளே ஓடிவந்தார்.

செசிலியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இன்னும் ரெண்டு பேரு எனக்க வீட்டு வைக்கோல்புரையில குப்புறக் கெடக்கானுக. ராத்திரி நான்தான் தூக்கிட்டு வந்து போட்டேன். நல்ல மருந்தாத் தா மக்கா. கொட்டினதும் நான்தான்."