பாலத்துக்குப் பாலம்

கற்பகம் அம்மாள் காரை விட்டு இறங்கி முடிப்பதற்குள் ஒரு பீடியைப் பற்றவைத்து, இழுத்து, அணைத்தும் விடலாம். அவள் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்ததால் டிரைவர் சின்னதுரை பற்றவைக்கவில்லை.

முதலில் இடது கால் வெளியே வரும். அதற்குக் கீழே அவன் மணைப்பலகையைப் போட வேண்டும். வலது காலை அந்த அம்மாளே இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைப்பாள். முட்டி இரண்டும் போய்ப் பல வருஷம் ஆகிறதாம்.

இவ்வளவு பாடுபட்டு இறங்கி என்னதான் செய்கிறாள்? செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நிற்கிறாள். வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறாள். உதடு லேசாக அசைகிறது. உடனே மறுபடி ஏற ஆரம்பித்துவிடுகிறாள்.

தெள்ளாரில் வண்டியைத் திருப்பியதிலிருந்து இதே கூத்து. தேசூர், பெரணமல்லூர் என்று வழியில் ஒரு பாலம் விடவில்லை. ஓடைப்பாலம், மதகுப்பாலம் எதுவும் பாக்கியில்லை.

பட்டு வியாபாரி தனகோடி முன் சீட்டில், மடியில் ஐரோப்பா ரோடு மேப்பை விரித்து வைத்திருந்தார். ஏதோ ஒரு ஓடை குறுக்கிட்டால் மேப்பைப் பார்த்து, 'இது இன்' என்று அந்த ஊர் ஆற்றின் பெயரை வைப்பார். செய்யாறு டான்யூப் ஆகிவிட்டது. ஆற்றில் மருந்துக்கும் தண்ணீர் இல்லை. சின்னதுரைக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

அவன் ஆரணி கார் ஸ்டாண்டுக்குப் புதிது. காலையில் கார் சொந்தக்காரர் சாவியைக் கொடுக்கும்போது சொன்னது இவ்வளவுதான்: "அவங்க புள்ள ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவன். போயி இட்டாரப் போறாங்க. அம்மாவுக்குக் கால் ஆவாது, பார்த்து ஓட்டு."

மீதியை அவனே கட்டிக்கொண்டான். பையன் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் வராமல் இருப்பான். பெற்றவர்கள் போய்க் கையோடு பிடித்து வரப் போகிறார்கள். அப்படியே நாலு ஊரையும் பார்த்துவிட்டு வருவார்கள். காசு இருந்தால் ஊர் சுற்றுவதற்குக்கூட ஒத்திகை பார்க்கலாம்.

ஆனால் திட்டம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆஸ்திரியாவில் ஏதோ ஒரு மலை ரோட்டின் வளைவில் வேன் ஏறுகிறார்களாம். மூனிக், நூரம்பர்க் வழியாக ஃபிராங்க்ஃபர்ட் வந்து விமானம். படி தாழ்வான வேன், கீழ்த்தளத்து அறை, உட்காரும் கக்கூஸ் எல்லாம் தனகோடி மெட்ராஸ் ஏஜெண்டிடம் பேசி வைத்திருக்கிறார். வழியில் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆறுகளைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

இன்னொரு பேஜாரும் இருந்தது. அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்ததும், தனகோடி சொல்கிறபடி, ஆளே இல்லாத மறுபக்கத்துப் பின்கதவையும் அவன் போய்த் திறக்க வேண்டும். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுச் சாத்த வேண்டும். காற்றுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கிளம்பும்போதே தனகோடி மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லாப் பாலத்திலும் அவளாக இறங்கி அவளாக ஏறிவிட்டால் டிக்கெட் எடுப்பது. இல்லையென்றால் இல்லை. அந்த ஊரில் தூக்கிவிட ஆள் கிடையாது.

இப்போது நிற்பது கடைசிப் பாலம், நாகநதி. தாண்டினால் ஆரணி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கற்பகம் அம்மாள் நின்றாள், திரும்பிப் பார்த்தாள், உதட்டை அசைத்தாள். காரை நோக்கி ஓர் அடி வைத்ததும் வலது முட்டி மடங்கியது. அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னதுரை ஓடிப்போய்க் கை கொடுத்தான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கதவைப் பிடித்து எழப் பார்த்தாள். பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். திரும்பவும் முயன்றாள். கதவுதான் ஆடியது.

தனகோடி இறங்கி வந்து பார்த்தபடி நின்றார். பிறகு மேப்பை மடித்தார்.

"வேணாம் கற்பகம். வுட்டுடலாம்."

"நான் கூப்புடாம இத்தினி ஆத்தை எப்பிடிங்க தாண்டுவான்?" என்றாள் அவள். "அந்த வளைவுலயே நின்னுகினு இருப்பானா?"

மணைப்பலகையின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த சின்னதுரையின் கை நின்றது.

அவன் தம்பி திண்டிவனம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தபோது, அவன் அம்மா அந்த இடத்துக்கே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். செத்தவர்கள் தாமாக ஆறு தாண்ட மாட்டார்கள். பெற்றவள் மண்ணில் நின்று கூப்பிட வேண்டும். அவன் அம்மாவும் பாலத்துக்குப் பாலம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கி, இறங்கி இறங்கி ஏறினாள். பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. ஏழைபாழைகள்தான் இப்படியெல்லாம் செய்வார்கள் என்று அவன் இதுநாள் வரை நினைத்திருந்தான்.

பகலெல்லாம் சிரிப்பை அடக்கியதை நினைக்க அவனுக்கு உடம்பு கூசியது.

இருவருமாகத் தூக்கித்தான் அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். அவள் அழவில்லை. முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை.

தனகோடி முன் சீட்டில் ஏறினார். மறுபக்கத்துக் கதவைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

"வண்டிய எடுப்பா. இருட்டிகினு வருது."

சின்னதுரை வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

கற்பகம் அம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு, பக்கத்து சீட்டில் கிடந்த தன் முந்தானையை மெல்ல இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.