ஆமென் கேட்கும் வரை

கொர்ர்... கொர்ர்...

ரெண்டு வீடு தள்ளி வரும்போதே கேட்டது. தறிக்கூடத்துச் சத்தத்துக்கு நடுவிலும் தனியாக ஒரு மூச்சிழுப்பு.

ஏசுவடியாள் காதைத் தீட்டினாள். 'தங்கச்சிக்குத்தான் இழுக்குது.' வாசுதேவநல்லூரிலிருந்து சுமந்து வந்த பையோடு ஓட்டமும் நடையுமாக வந்தவள், வாசலில் நின்றுவிட்டாள்.

உள்ளே தங்கச்சி இன்பம் கண்ணை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேன்சருக்குக் கரண்டு வைத்து, அந்தக் கதிர்வீச்சு வைத்தியம் முடிந்து திரும்பியவள். உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் சத்தம் அவளுடையது இல்லை. பக்கத்தில் அவள் புருஷன் மாணிக்கராஜ், தலையைச் சுவரில் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"தெனமும் இதே கூத்துதான், அக்கா," என்றாள் எதிர்வீட்டு ஜெய்னப், இடுப்புக் குடத்தோடு நின்று. "அந்தப் புள்ள ஒக்காந்திருக்கும். இவரு கொறட்டை விடுவாரு. டாக்டரம்மா ரெண்டு பேரையும் சேந்து ஒக்காரச் சொன்னாகளாம்."

"எதுக்காம்?"

"மனசு கலங்காம இருக்கதுக்கு. மூச்சு போறதையும் வாரதையும் கவனிக்கணுமாம். பயம் வந்தா வெரட்டக் கூடாதாம். 'வந்தியா, இருந்துட்டுப் போ'ன்னு விட்டுட்டு, திரும்ப மூச்சுக்கு வந்துரணுமாம். பத்து நிமிசம்."

"கண்ண மூடினா ஜெபம் பண்ணணும். சும்மா மூடிக்கிட்டு இருந்தா, சர்ச்சுல போதகர் ஐயரு என்ன சொல்லுவாரு?"

"கடைசில ஆமென் சொல்லித்தான் முடிக்கும். இவரும் அதக் கேட்டாத்தான் முழிப்பாரு!" சிரித்துக்கொண்டே ஜெய்னப் தண்ணீருக்குப் போனாள்.

கண்ணை மூடியிருப்பவரை அவர்கள் குடும்பத்தில் யாரும் கலைப்பதில்லை. ஆமென் கேட்கும் வரை வந்தவர் வாசலில்தான். ஏசுவடியாளும் நின்றாள்.

பத்து நிமிஷம் எப்போதோ போயிற்று. ஆமென் வரவில்லை. கால் கடுத்துப் படியில் உட்கார்ந்தாள். வெயில் படியேறி மடிக்கு வந்தது. இன்பத்தின் நெற்றியில் வேர்வை பொடித்தது. முதுகை நெளித்தாள், உதட்டைக் கடித்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

குறட்டை மட்டும் சுதி குறையவில்லை.

'கெத்செமனே தோட்டத்துல ஏசு ஜெபம் பண்ணயில தூங்கின சீஷன் மாதிரில்லா தூங்குதான்! ராத்திரி ஷிப்டுல தறி ஓட்டுதவன்தான், அதுக்காக? சாகக் கிடந்து பொழச்சு வந்தவகூடக் கொஞ்ச நேரம் முழிச்சிருக்கக் கூடாதா?'

முடிவு பண்ணிவிட்டாள். சாயங்கால பஸ்ஸில் தங்கச்சியைக் கையோடு கூட்டிப்போய்விட வேண்டியதுதான். இவன் இங்கேயே கிடந்து தூங்கட்டும்.

எழுந்து உள்ளே போனாள். கொடியில் கிடந்த இன்பத்தின் சேலைகளை உருவிப் பைக்குள் திணித்தாள். அப்புறமும் ஆமென் வரவில்லை.

'பழக்கமாவது, ஒண்ணாவது!' குனிந்து, மாணிக்கராஜின் தோளை உலுக்கக் கையை நீட்டினாள்.

அந்தக் கையை இன்பம் எட்டிப் பிடித்தாள். கண் நன்றாகத் திறந்திருந்தது.

"தொடாதக்கா." காற்றாகத்தான் வந்தது குரல்.

"ஏட்டி, இன்னுமா முடியல ஒனக்கு?"

"அது அப்பமே முடிஞ்சுட்டு."

"பெறகு ஏன் ஆமென் சொல்லல? முதுகு வலிக்கது ஒன் மொகத்துலயே தெரியுதே."

"சொன்னா முழிச்சிருவாகளே."

ஏசுவடியாளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ராவெல்லாம் தறியப் பாக்காக. பகல்ல படுங்கன்னா, படுத்துக்கிட்டே என்னையப் பாக்காக. செத்த நேரம் நான் கண் அசந்தா, மூச்சு இருக்கான்னு மூக்குல வெரல வச்சுப் பாக்காக. போன வாரம் தூக்கக் கலக்கத்துல தறிக்குள்ள கையக் குடுத்துட்டாக. நல்லவேளை, அந்நேரம் பாத்துக் கரண்டு போச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நான் இப்படி ஒக்காந்தாத்தான் அவுகளுக்கு ஒரு தைரியம். டாக்டரம்மா சொன்னத செய்யுதா, இப்ப இவளுக்கு ஒண்ணும் ஆயிராதுன்னு. தன்னால தூங்கிருதாக."

"மாணிக்கராஜ் தம்பிக்குத் தெரியுமா இது?"

"தெரிஞ்சா ஒக்காருவாகளா?"

"அப்ப ஒனக்கு? ஒம் பயத்துக்குத்தானட்டி டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாக?"

இன்பம் புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பயம் வரத்தான் செய்யுதுக்கா. இவுக தூங்குதாகன்னு, அதுவும் சத்தம் போடாமப் போயிருது."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏசுவடியாள் பைக்குள் திணித்த சேலைகளை எடுத்தாள். சுருட்டி, தங்கச்சியின் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள்.

அடுப்படியில், பாதி கல் பொறுக்கின அரிசி முறத்தோடு கிடந்தது. அதை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கல்லைத் தட்டில் போட்டால் சத்தம் கேட்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.