முக்கால் அங்குலம்

'துப்பாக்கியோடு உள்ளே வராதீர்கள். வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள்.'

ஓர்வல் ஸ்டக்கி தன் தீவனக் கடைக் கதவில் மாட்டிய பலகையில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. மேற்கு டெக்சாஸில், மாடு மேய்க்கிற ஊரில், அதுவும் தீவனக் கடையில். ஊர் சும்மா இருக்குமா?

பட்டணத்துக்காரன் ஆயிட்டான் என்றார்கள். ஆஸ்டினில் படிக்கிற பேத்தி ஓதி விட்டிருப்பாள் என்றார்கள். ரெண்டே வாரம், பாதிப் பேர் இருபது மைல் தள்ளிப் போய்த் தீவனம் வாங்க ஆரம்பித்தார்கள். கல்லாவில் நிற்கிற இனெஸ் பொழுது முழுக்க ஈ ஓட்டினாள்.

எல்லாரையும் விடக் கொதித்தவர் லீலண்ட் ப்ரூயிட். எழுபத்து நாலு வயது. ஊரில் பாதிப் பேருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு எடுத்தவர். ஓர்வலுக்கு நாற்பது வருஷ சிநேகிதர், தினமும் காலைக் காப்பி அந்தக் கடையில்தான். பலகை வந்த நாளிலிருந்து அவர் படியேறவில்லை.

ஒரு சனிக்கிழமை ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அளவு நாடாவை மாட்டுப் பண்ணைக்காரன் வேட் என்பவனிடம் கொடுத்து, பலகையில் எழுத்து எவ்வளவு உயரம் என்று அளக்கச் சொன்னார்.

"முக்கால் அங்குலம்" என்றான் வேட்.

லீலண்ட் வகுப்பு எடுக்கிற குரலிலேயே எல்லாருக்கும் விளக்கினார். கடை ஓர்வலுடையது, துப்பாக்கியோடு வராதே என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் எழுத்து ஒரு அங்குலமாவது இருக்க வேண்டும். இங்கிலீஷ், ஸ்பானிஷ் ரெண்டிலும் இருக்க வேண்டும். சட்டத்தில் இருக்கிற வாசகம் அப்படியே இருக்க வேண்டும். இதில் எதுவும் இல்லை. அதனால் இது வெறும் மரக்கட்டை.

சொல்லிவிட்டு இடுப்பில் துப்பாக்கியோடு நேரே உள்ளே போய்க் கல்லா முன்னால் நின்றார்.

"என்னய்யா ஓர்வல், தீவன விலையை மட்டும் முழ உயரத்துக்கு எழுதிப் போடறே. இதுக்கு ஒரு அங்குலம் வரலையா உனக்கு?"

வாசலில் சிரித்தார்கள். 

"சரி, எழுத வரல. வாய் இருக்குல்ல? வெளியே போன்னு சொல்லு. அதுவும் சட்டம்தான். நீ சொல்லிட்டா நான் இங்க நிக்க முடியாது. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு, போயிடறேன்."

ஓர்வல் கோழித் தீவன மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "காப்பி சூடா இருக்கு லீலண்ட்" என்று மட்டும் சொன்னார்.

"கோழைப்பய" என்றார் லீலண்ட். போய்விட்டார். கூட்டமும் பின்னாலேயே போனது.

இனெஸுக்குத் தாங்கவில்லை. ஒழுங்காகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், ஸ்பானிஷ் நான் எழுதித் தருகிறேன், இல்லையென்றால் கழற்றிப் போடுங்கள், இப்படி ரெண்டுங்கெட்டானாக வைத்துக்கொண்டு எதற்கு அவமானப்பட வேண்டும் என்று பொரிந்து தள்ளினாள்.

ஓர்வல் மூட்டை மேலேயே உட்கார்ந்தார்.

போன மாதம் கடையில் லீலண்ட் மாடு நக்குகிற உப்புக்கட்டி எடுக்கக் குனிந்தாராம். உறையிலிருந்து நழுவிய துப்பாக்கியைப் பிடிக்கப் போய்க் கீழே விட்டுவிட்டார். குண்டு போட்ட துப்பாக்கி.

"அந்தப் பக்கம் நீதான் விதை எடை போட்டுக்கிட்டிருந்தே. அதைத் திரும்ப எடுக்க அவனுக்கு மூணு தரம் ஆச்சு, இனெஸ். கை அப்படி நடுங்குது. எடுத்துட்டு யாராவது பார்த்தாங்களான்னு சுத்திப் பார்த்தான். நான் ரேக்குக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

"அவர்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே, மிஸ்டர் ஓர்வல்?"

"ஊருக்கே சுடச் சொல்லிக் கொடுத்தவன்கிட்ட உன் கை போச்சுன்னு எப்படிச் சொல்றது? அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதிப் போட்டேன்."

"அளவா எழுதியிருக்கலாம்ல?"

"அளவா எழுதினா சட்டம் ஆயிரும். வாயால சொன்னாலும் சட்டம் ஆயிரும். அவன் வீம்புக்கு மீறுவான், எவனாவது போலீஸைக் கூப்பிடுவான். கேஸ் விழுந்தா லைசென்ஸ் போயிரும். இது சட்டம் இல்ல, இனெஸ். கேட்டுக்கறது. அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை காலை லீலண்ட் வந்தார். இடுப்பில் உறை மட்டும்தான் இருந்தது. கக்கத்தில் ஒரு பலகை. அதைக் கல்லா மேல் வைத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"மூணு நாளா யோசிச்சேன். நான் சட்டத்தைச் சொல்லியும் நீ ஏன் வாயைத் திறக்கலைன்னு. செய்யறதைச் சரியாச் செய்யணும்யா. துப்பாக்கி வண்டியில இருக்கு. காப்பி எங்கே?"

வெள்ளைப் பலகையில் கறுப்பு மையில் கையால் எழுதியிருந்தார். மேலே இங்கிலீஷ், கீழே ஸ்பானிஷ். சட்டத்தின் வாசகம் ஒரு வார்த்தை குறையாமல் இருந்தது. எழுத்தெல்லாம் ஒரு அங்குலம். ஆனால் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை.

ஓர்வல் பழைய பலகையைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். பிறகு லீலண்டுக்கு அரைக் கோப்பை மட்டும் காப்பி ஊற்றி, கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

லீலண்டின் வண்டி வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு வேட் வந்தான். கதவிலேயே நின்று பலகையைப் படித்தான். துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கோணல் எழுத்து யாரோடது?"

லீலண்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னோடதுதான்" என்றார் ஓர்வல். "வயசாச்சு வேட். கை நடுங்குது."