உட்காராத டாக்டர்

“நோயாளிகள் காத்திருக்காத ஆஸ்பத்திரி ஒண்ணைக் கண்டுபிடிச்சு ஆய்வு பண்ணும்மா, பார்ப்போம்” என்று பேராசிரியர் விஸ்வேஸ்வரன் பாதி கிண்டலாகத்தான் சொல்லியிருந்தார். மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை படிக்கும் ஜெயக்கொடி, நிஜமாகவே ஒன்றைக் கண்டுபிடித்து, ஆய்வறிக்கையோடு வந்து நின்றாள்.

“உசிலம்பட்டியிலயா? டோக்கன்?”

“கிடையாது சார். டாக்டர் உட்காருறதே இல்ல. வண்டி வந்து நின்னதும் வாசலுக்கே வந்து பார்த்துருவாரு.”

அவருக்கு நம்பவே முடியவில்லை. மதுரையின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு ஆலோசனை சொல்பவர், இந்த ஒரு விஷயத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“பேஷன்ட்டுங்க கருத்து ஒண்ணுகூட வாங்கலியே?”

“கேட்டாலும் சொல்லத் தெரியாது சார். கூட வந்தவங்கதான் சொன்னாங்க.”

“ஓ! குழந்தைங்க ஆஸ்பத்திரியா?”

ஜெயக்கொடி தயங்கினாள்.

“மாட்டாஸ்பத்திரி சார்.”

விஸ்வேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். “மனுஷங்களுக்கு இது எப்படிம்மா ஒத்துவரும்? இதுக்கு நான் எப்படி மார்க் போடுறது?”

“அதையும் கேட்டேன் சார். பசுவைக் கொண்டு வந்த அண்ணன் ஒருத்தர் சொன்னாரு: ‘எனக்கு மேலுக்கு முடியலேன்னாலும் இங்கேயே வந்துரலாம் போலருக்கு தாயி. பெரியாஸ்பத்திரியில என்னைய யாரு இப்படித் தொட்டுப் பார்க்குறா?’”