ஒரு சொல் சிங்களம்

“கொட்டியா!” என்று முதலில் கத்தியவன் சிவப்புச் சட்டைக்காரன். முதல் அடியும் அவனுடையதுதான். ஹெக்டர் உதைத்தது அதற்குப் பிறகு. இரவில் படுக்கும்போது மனதைத் தேற்றிக்கொள்ள அந்த வரிசை அவனுக்கு உதவக்கூடும்.

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று மாலை வெள்ளவத்தை பஸ் தரிப்பில் நின்ற அத்தனை பேரும் வாயில் தண்ணீரை வைத்திருப்பவர்கள்போல நின்றார்கள். மருந்து ஏஜென்சி ஒன்றில் கிளார்க்காக இருக்கும் கொட்டாஞ்சேனை ஹெக்டர், சட்டைக்குள் கிடந்த சிலுவையை வெளியே எடுத்துவிட்டிருந்தான். சிலுவை போட்டவனைப் பார்த்ததும் தமிழன் என்று சொல்லிவிட முடியாது.

அப்போதுதான் இராமர் வந்தான். ஹற்றன் மலைத்தோட்டப் பக்கமிருந்து சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. தோளில் ஒரு துணிப்பை. நேரே ஹெக்டரிடம் வந்து, எதிர் மலையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் கேட்டான்.

“அண்ணே, கொட்டாஞ்சேனைக்கு எந்த பஸ்ஸுங்க போவுது?”

தரிப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. இராமரை அல்ல, தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று ஹெக்டருக்குப் பட்டது. அவன் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அண்ணே, ஒங்களத்தான்!”

“கொட்டியா!”

சிவப்புச் சட்டைக்காரனின் அந்தக் குரல் கேட்டதும் ஹெக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிங்களத்தில் புலி என்று ஒருவனைக் காட்டியாயிற்று, அது ஹெக்டர் அல்ல. இவ்வளவு சிங்களவர்களுக்கு முன்னால் தான் தமிழனில்லை என்று நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. “கொட்டியா!” என்று அவனும் கத்திக்கொண்டு காலை ஓங்கினான்.

வெறும் நெற்றியோடு நின்ற ஒரு பெண் குடையை மடித்துப் பிடிப்பக்கத்தால் அடித்தாள். டை கட்டிய ஒரு கண்ணாடிக்காரர் சாப்பாட்டுப் பையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு வந்து உதைத்தார். தனியே நின்றால் கண்டக்டரிடம் மிச்சச் சில்லறை கேட்கவே தயங்குகிற முகம் அது. கூட்டத்துக்குள் நுழைந்த பிறகு அவருக்கு அந்த முகம் தேவைப்படவில்லை.

“அடிக்காதீங்கய்யா! கடையில வேல செய்யிறவன்யா நான்!”

எந்தக் கடை என்று ஒருவரும் கேட்கவில்லை. பைக்குள் என்ன என்றும் கேட்கவில்லை. ஏழெட்டு வாயிலும் “கொட்டியா, கொட்டியா” என்ற அந்த ஒரு சொல்தான். பை கிழிந்து ஒரு சாரமும் சீப்பும் தெருவில் விழுந்தன. குப்புறக் கிடந்த இராமரின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்: ஒரு மண்ணிறச் சப்பாத்து, ஒரு வெள்ளைக் கன்வஸ், பூப்போட்ட சேலைக்குக் கீழே ஒரு ரப்பர் செருப்பு.

புறக்கோட்டை பஸ் வந்து நின்றது. சிங்களக் கண்டக்டர், நரைத்த மனிதர், குதித்து இறங்கினார்.

“மொனவத மே கரன்னே? என்ன செய்கிறீர்கள் இது? என்ன செய்தவன் இவன்? சொல்லுங்கள்!” சிங்களத்தில் அதட்டினார்.

ஹெக்டருக்குப் பதில் சொல்லத் தெரியும். ஆனால் மூன்றாவது சொல்லிலேயே அவனுடைய உச்சரிப்பு அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். வேறு யாராவது சொல்லட்டும் என்று நின்றான். ஒருவரும் சொல்லவில்லை.

கண்டக்டர் இராமரைத் தூக்கி முன் ஆசனத்தில் இருத்தினார். “தம்பி, பயம் வேணாம். இங்க இருங்க,” என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

அடித்தவர்களும் அதே பஸ்ஸில்தான் ஏறினார்கள். வீட்டுக்குப் போகவேண்டுமே.

“ஏறுங்கள் மாத்தயா, ஏறுங்கள் நோனா! ஒருத்தனை இத்தனை பேர் அடித்துக் களைத்துப் போயிருப்பீர்கள்!” கண்டக்டர் சிங்களத்தில் நக்கலடித்தார்.

யாருக்கும் ரோசம் வரவில்லை. “பிட்டகொட்டுவ,” என்று புறக்கோட்டையைச் சிங்களத்தில் சொல்லிச் சில்லறையை நீட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றான் ஹெக்டர். ஒரு சிங்களக் கூட்டத்துக்கு நடுவில் இருந்து தப்பிவிட்டோம் என்று சிலுவையைத் தொட்டுக்கொண்டான்.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட இராணுவம் பஸ்ஸை மறித்தது.

“தமிழ் ஆட்கள் மட்டும் இறங்கி வரிசையில் நில்லுங்கள்,” என்றான் சிப்பாய் சிங்களத்தில். வழமையான சோதனைதான். சிங்களவரின் அடையாள அட்டையில் சிங்களம் மட்டும் இருக்கும்; தமிழரின் அட்டையில் தமிழும் இருக்கும். வாயைப் பொத்தலாம், அட்டையைப் பொத்த முடியாது.

இராமர் முதலில் இறங்கினான். ஹெக்டர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனான். பஸ்ஸுக்குள் இருக்கிற சிவப்புச் சட்டைக்காரன் இப்போது யன்னலால் எட்டிப் பார்த்துச் சத்தம் போடப்போகிறான் என்று முதுகு கூசியது.

சத்தம் வரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கன்வஸ் வந்து நின்றது, அதற்கு மேலே அந்தச் சிவப்புச் சட்டை. அதற்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் செருப்பு, மடித்த குடை. பிறகு, டையைத் தளர்த்திக்கொண்டே கண்ணாடிக்காரர். பின்னால் மற்றவர்கள்.

இராமர் வீங்கிய உதட்டைப் புறங்கையால் துடைத்தான். வரிசையில் நின்ற கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து முகங்களைப் பார்த்தான்.

“எல்லாரும் நம்மாளுங்கதானா?”